சீனி அன்னத்தின் கழுத்து

கையத்தானே பாக்கிய. நல்லாவே பாருங்க தங்கச்சி, ஓரக்கண்ணால பாக்க வேண்டாம். சீக்கு ஒண்ணும் இல்ல, ஒட்டாது. பாகு சுட்ட தழும்பு. இந்தா, பெருவிரல்ல இருக்கது ரோசாப்பூ செய்யையில பட்டது. நடுவிரல்ல நீளமாக் கெடக்குல்லா, அது அன்னத்துக்குப் பட்டது. அத நெனைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது. விரல் இல்ல, வயிறு.

நைட்டு நல்லாத் தூங்குனிய. நான் தூங்கலை. எனக்கு ரயில்ல தூக்கம் வராது. டீ வாங்கட்டுமா? வேண்டாமா. சரி, நான் ஒண்ணு குடிக்கேன், வாய் பேச ஈரம் வேணும்.

எம் பேரு டெல்பின். தூத்துக்குடி. வீட்டுல வச்சே கேக் போட்டுக் குடுக்கேன். பிறந்தநாள், புதுநன்மை, கல்யாணம், எல்லாத்துக்கும். கேக்கு எல்லாரும் போடுதாவ, இப்ப தெருவுக்கு நாலு பேரு. ஆனா சீனிய இழுத்துப் பூ செய்யுதது எங்க ஊர்ல நான் ஒருத்திதான். திருவிழாவுல கம்பு மேல ஒரு பொம்மை நின்னு கைதட்டும், கம்புல ரோஸ் கலர்ல ஜவ்வு மிட்டாய் சுத்தியிருக்கும், அதுல இருந்து இழுத்து உங்க கையில வாட்ச் கட்டிவிடுவாவ, பாத்திருக்கியளா? அதேதான். அந்தச் சீனிக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்டா நான் செய்யுதது. பாக நல்லா முறுகக் காய்ச்சணும். தண்ணியில ஒரு சொட்டு விட்டா கண்ணாடி மாதிரி டிக்குன்னு ஒடியணும். எண்ணெய் தடவுன கல்லுல ஊத்தி, சூடு ஆறுததுக்குள்ள கையில எடுத்து இழுக்கணும். இழுத்து மடிக்கணும், மடிச்சு இழுக்கணும். இழுக்க இழுக்கப் பட்டுச்சேலை கணக்கா ஒரு மினுக்கு வரும் பாருங்க, அந்த நேரம் கத்தரிச்சு விரலால ஒத்தி இதழாக்கிரணும். கொஞ்சம் சுணங்குனா கல்லு. உறை மாட்டித்தான் செய்யணும். எனக்கு உறை மாட்டுனா விரலுக்குக் கண்ணு கட்டுன மாதிரி இருக்கும், கழட்டி எறிஞ்சிருவேன். எங்க சித்தி மகன் ஒருத்தன் கப்பல்ல கேக் மாஸ்டர், லீவுல வந்தப்ப கத்துக்குடுத்தான். இப்ப அவனுக்கே நான் சொல்லிக் குடுப்பேன்.

மெட்ராஸ்ல என்ன வேலையா? மகளுக்குப் பிரசவம். ரொவீனா, ஒரே மக. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே பாக்கணும், நீங்களே சொல்லுங்க. இவ மாமியா வீட்டுல கெடக்கா. பயணம் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாவளாம். டாக்டரா சொன்னாவளா, அந்தம்மா சொல்லச் சொல்லுச்சா, யாரு கண்டா.

அந்தம்மான்னா எங்க சம்பந்தியம்மா. ஹில்டா. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனது. பெரம்பூர்ல வீடு. நல்ல உயரம், முழங்கால் மட்டும் ரெண்டும் வீங்கிக்கெடக்கும். நான் யாரையும் குறை சொல்லுத ஆளு இல்ல தங்கச்சி. நடந்தத நடந்தபடி சொல்லுதேன், நியாயத்த நீங்க சொல்லுங்க.

நிச்சயதார்த்தத்துக்கு எங்க ஊருக்கு வந்தாவ. நான் கேக் போட்டு, மேல சீனி ரோசா ஒரு கொத்து வச்சிருந்தேன். வெளிர் ரோஸ் கலரு. பாக்கவிய எல்லாம் நெசப்பூன்னு மோந்து பாத்தாவ. ஒரு பூவ எடுத்து அந்தம்மா கையில குடுத்தேன். என்ன செய்யும் ஒரு மனுஷி? வாயில போடும், நல்லா இருக்குன்னு சொல்லும். இது போடலை. திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. பெறவு கைக்குட்டைய விரிச்சு, அதுல வச்சு மடிச்சு, பைக்குள்ள போட்டுக்கிடுச்சு. எல்லார் முன்னாலயும். நம்ம வீட்டுப் பண்டம் சுத்தமா இருக்குமோ இருக்காதோன்னு அதுக்கு ஒரு இது. ரொவீனா சொல்லுதா, அந்தப் பூவ இன்னும் கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு மாதா படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்காவளாம். தின்னக் குடுத்தத தின்னாம சாமிக்கு முன்னால வச்சா என்ன அர்த்தம்?

பெறவு போன் வந்துச்சு. நாங்க மைனிம்போம், அது அண்ணிங்கும். "அண்ணி, கல்யாண கேக்க நாங்க இங்கயே ஆர்டர் பண்ணிடறோம். பொண்ணோட அம்மா நீங்க, அன்னிக்கு அடுப்படியில நிக்க வேண்டாம். நிம்மதியா இருங்க."

கேட்டியளா? தூத்துக்குடியில பாதிக் கல்யாணத்துக்கு கேக் போட்டவ நான். எம் மக கல்யாணத்துக்கு மெட்ராஸ்ல இருந்து கேக் வருது. அதையும் எவ்வளவு மெதுவா, வலிக்காம சொல்லுது பாருங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். கஸ்பார் அவிய பேரு, துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாவ. "நல்லதுதானே சொல்லுதாவ"ன்னாவ. அவியளுக்குக் கிரேன் மேல ஏறி உக்காந்தா கீழ நடக்கது ஒண்ணும் தெரியாது.

நான் சொல்லிட்டேன். கேக்கு நீங்க கொண்டு வாங்க, ஆனா கேக்கு மேல நிக்கப்போறது என்னோட சரக்கு. ரெண்டு அன்னம், ஜோடி, இம்புட்டு உயரம். கழுத்த வளைச்சு ஒண்ணுக்கொண்ணு பாத்துக்கிட்டு நிக்கணும், ரெக்கை ஒவ்வொரு இறகாத் தெரியணும். எல்லாம் இழுத்த சீனி. சரின்னுச்சு அந்தம்மா. மறு பேச்சே இல்ல. வாதாடிருந்தா கூட எனக்கு ஒரு திருப்தி.

ரொவீனாதான் வேண்டாம்னா. "மம்மி, அன்னம்லாம் வேண்டாம். நீ அன்னிக்கு எங்கூட இரு, அது போதும்" அப்பிடின்னா. "ஏட்டி, உங்கூடத்தான இருக்கப்போறேன், எங்க போகப்போறேன்"னேன். பிள்ளையளுக்கு என்ன தெரியும். மெட்ராஸ்காரவிய முன்னால எம் மகளுக்கு ஒரு பெருமை வேணும்லா, அதுக்குத்தான நான் கெடந்து சாவுதேன்.

கல்யாணம் போன ஐப்பசியில. ஐப்பசியில எங்க ஊரு எப்பிடி இருக்கும்னு தெரியுமா? மழை வராது, வாரேன் வாரேன்னு நிக்கும். கடல் காத்து ஈரத்த அள்ளிக்கிட்டு வந்து வீட்டுக்குள்ள கொட்டும். உப்பு ஜாடியில உப்பு தண்ணியா நிக்கும். சீனிக்கு ஈரம்தான் எமன். கல் மாதிரி இருக்கது கொஞ்ச நேரத்துல வேர்த்து, பிசுபிசுத்து, படுத்துரும். எங்க வீட்டுல ஒரே ஒரு ரூம்லதான் ஏசி. நானும் அவியளும் படுக்குத ரூம்பு. அந்த ரூம்ப அன்னத்துக்கு விட்டுட்டோம். அவிய மாடியில போய்ப் படுத்தாவ. அன்னத்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, சுண்ணாம்புக் கல்லத் துணியில முடிஞ்சு மூலைக்கு ஒண்ணு போட்டேன், அது ஈரத்தக் குடிச்சிரும். வந்த சொந்தக்காரவிய எல்லாம் வேர்த்து வழிஞ்சுக்கிட்டு, "டெல்பின், கொஞ்ச நேரம் அந்த ரூம்புல உக்காந்துக்கிடட்டுமா"ன்னாவ. ஒருத்தரையும் விடலை. நாலு பேரு மூச்சு விட்டாலே ஈரம்தானே.

கழுத்துதான் ஏழரை. ரெக்கை, உடம்பு எல்லாம் வந்துருச்சு. கழுத்த இழுத்து வளைச்சுப் பிடிச்சுக்கிட்டே ஆறவிடணும். பிடிக்கையில கையெடுத்தா சாயும், அழுத்திப் பிடிச்சா ஒடியும். எத்தனையோ கழுத்து ஒடிஞ்சுது. எங்க வீட்டுல எறும்புக்குப் பெருநாள்.

கல்யாணத்தன்னைக்குக் காலையில மாப்பிள்ளை வீட்டுல இருந்து அந்தம்மா வந்துச்சு. சேலையும், பொண்ணு தலையில போடுத நெட்டும் அவியதானே கொண்டு வரணும். வந்து, வேர்த்து ஊத்த, எங்க வீட்டு முன்ரூம்புல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துச்சு. கல்யாணப் பத்திரிகைய எடுத்து விசிறிக்கிட்டு இருந்துச்சு. ஏசி ரூம்பு பூட்டிக்கெடக்கத பாத்துச்சு. உள்ள என்னன்னு யாரோ சொன்னாவ. ஒரு வார்த்தை சொல்லலையே. "பரவாயில்ல, பரவாயில்ல"ன்னுச்சு. பேசாம இருந்தே ஆளக் குத்துத வித்தை டீச்சர்மாருக்குத்தான் வரும்.

நான் உள்ள இருந்தேன். ஆண் அன்னத்துக்கு மூக்கு நுனியில ஒரு கீறல். மெழுகுவர்த்தியில காட்டிக் காட்டி ஒட்டிக்கிட்டு இருக்கேன். ரொவீனாவ பின்ரூம்புல வச்சு ஜோடிக்காவ. கதவத் தட்டுதா. "மம்மி, நெட்டு வைக்கணும், வாறியா?" இந்தா வாரேன்னேன். மறுபடி தட்டுதா. இந்தா வந்துட்டேன் மக்களேன்னேன். ஒட்டுன எடத்த விட்டுட்டு எப்பிடிப் போக? பெறவு தட்டலை.

நான் முடிச்சுட்டு வெளிய வாரேன், எம் மக நெட்டு வச்சு நிக்கா. குத்துனது யாரு? அந்தம்மா. முழங்கால் வலிக்கி, குனிய முடியாது, ஆனா எம் மக பக்கத்துல நின்னு நெட்டு குத்த மட்டும் முடியுது. பெத்த தாய் நான் பூட்டுன ரூம்புக்குள்ள கெடக்கேன், இது வந்து எடத்தப் பிடிச்சிருச்சு. என்னைப் பாத்ததும் சொல்லுது, "அண்ணி, ஒரு பின்னு மட்டும் குத்தாம வச்சிருக்கேன். அது நீங்க குத்தணும்"னு.

மிச்சம் தங்கச்சி. எம் மகளுக்கு நான் குத்த எனக்கு மிச்சம் வச்சிருக்கு. வாங்கப் போனேன். விரல் எல்லாம் பாகு. பின்னு விரல்ல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. நெட்டுல பட்டா கறையாயிரும். "நீங்களே குத்திருங்க"ன்னு சொல்லிட்டுக் கைகழுவப் போயிட்டேன். ரொவீனா கண்ணாடியில என்னையே பாத்தா. மை கலைஞ்சிரும், அழாதட்டின்னேன். அழுவுததுக்கு என்ன இருக்கு அதுல.

கோயில்ல பூசை நல்லபடியா முடிஞ்சுது. தாலி கட்டையில நான் பாத்தேன். பாத்தேன்னுதான் நெனைக்கேன். அந்நேரம் அன்னத்த வேன்ல ஏத்திக்கிட்டு மண்டபத்துக்குக் கொண்டு போயிருப்பாவளே, வேகத்தடையில மெதுவாப் போவாவளான்னு மனசு அங்கன கெடந்துச்சு. டிரைவர்கிட்ட எம்புட்டோ சொல்லிருந்தேன்.

சாயங்காலம் ரிசப்ஷன். மெட்ராஸ் கேக்கு அடுக்கடுக்கா நிக்கி. அதச் சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல எம் அன்னம் ரெண்டும். லைட்டு போட்டதும் பாருங்க, கண்ணாடி மாதிரியும் இருக்கு, பட்டு மாதிரியும் இருக்கு. சனம் மேடைக்குக் கிட்ட வந்து போன்ல படம் பிடிக்கி. மாப்பிள்ளை டென்சில் தம்பி எங்கையப் பிடிச்சு, "மாமி, இத நீங்களா செஞ்சீங்க?"ன்னுச்சு. அந்த நிமிஷத்துக்கு எனக்கு எல்லா வலியும் போச்சு.

அதுக்குப் பெறவுதான் கதவத் திறந்து போட்டாவ. சனம் கூட்டமா வருது, கதவு மூடவே இல்ல. ஏசி ஓடுது, காத்து வெளிய போகுது, கடல் காத்து உள்ள வருது. எனக்கு முதல்ல மூக்குல தெரிஞ்சுருச்சு. போய்ப் பாக்கேன், ரெக்கை மேல பொடிப் பொடியா வேர்வை. பெண் அன்னம் தாக்குப்பிடிச்சுது. ஆண் அன்னத்துக்குக் கழுத்து மெள்ள, மெள்ள முன்னால வருது. சாமி கும்பிடப் போற மாதிரி. இன்னும் கேக்கு வெட்டலை. பாட்டு முடியணும், சாமியார் ஜெபம் சொல்லணும்.

நான் என்ன செய்தேன்னா, கேக்கு மேசைக்குப் பின்னால பூ அலங்காரம் வச்சிருந்தாவ, தட்டி மாதிரி. அதுக்குப் பின்னால போய்க் குத்தவச்சு உக்காந்தேன். பூவுக்கு நடுவுல கைய விட்டு, அந்தக் கழுத்தப் பின்னால இருந்து ரெண்டு விரலால தாங்கிப் பிடிச்சுக்கிட்டேன். முன்னால இருந்து பாத்தா தெரியாதுன்னு நெனைச்சேன். பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, புது நகை போட்டுக்கிட்டு, பூவுக்குப் பின்னால தவளை மாதிரி உக்காந்திருக்கேன். மேடையில வரிசையா சனம் ஏறி எறங்குது. போட்டோக்காரன் கூப்பிடுதான், "பொண்ணோட அம்மா எங்க, பொண்ணோட அம்மா வாங்க." கஸ்பார் அங்கிட்டும் இங்கிட்டும் தேடுதாவ. நான் எப்பிடி வாய் தொறக்க? கழுத்த விட்டா முடிஞ்சுது.

ஆல்பம் பாத்தா சிரிப்பிய. எல்லாப் படத்துலயும் கேக்கு இருக்கு, அன்னம் இருக்கு, அன்னத்துக்குக் கழுத்துக்குப் பின்னால வளையல் போட்ட ஒரு கை இருக்கு. எம் மக ஆல்பத்துல நான் ஒரு கைதான்.

அப்ப வந்துச்சு அந்தம்மா. எப்பிடிக் கண்டுபிடிச்சுச்சோ, பூவ விலக்கிக்கிட்டுப் பின்னால வருது. என்னையப் பாத்துச்சு. அன்னத்தப் பாத்துச்சு. முழங்காலப் பிடிச்சுக்கிட்டு, முனகிக்கிட்டே, எம் பக்கத்துல தரையில உக்காந்துருச்சு. அதுவும் பட்டுச்சேலை. மாப்பிள்ளைக்குத் தாய் அது, மேடையில நிக்க வேண்டிய ஆளு.

"அண்ணி, விடுங்க. விழட்டும். பொண்ணு உங்களைத் தேடறா."

விழட்டும்னு சொல்லுது. எத்தனை நாள் சங்கதி, எத்தனை விரல் சுட்டது, விழட்டும்னு எவ்வளவு லேசா வருது பாருங்க வாயில.

"விழக்கூடாது"ன்னேன்.

"சரி. அப்ப நான் பிடிச்சுக்கறேன். நீங்க போய்ப் போட்டோவுல நில்லுங்க."

"உங்களுக்குப் பிடிக்கத் தெரியாது."

"சொல்லிக் குடுங்க"ன்னுச்சு.

கை மரத்துப்போச்சு எனக்கு. சரி, மெள்ள விரல இங்கன குடுங்க, அழுத்தப்படாது, முட்டையப் பிடிக்க மாதிரின்னு சொல்லி, எங்கைக்கு மேல அதோட கைய வச்சு மாத்துதேன். மாத்தியாச்சு. பிடிச்சுக்கிடுச்சு. நல்லாத்தான் பிடிச்சுச்சு, பொய் சொல்லப்படாது. நான் எந்திரிக்கப் போறேன், டிக்.

ஒடிஞ்சுருச்சு. அந்தம்மா கையில தலையும் பாதிக் கழுத்தும். மேல மொட்டையா நிக்கி அன்னம்.

அவ கையிலதான் ஒடிஞ்சுது தங்கச்சி. இத நான் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுவேன். கோயில்ல நின்னு கேட்டாலும் சொல்லுவேன். எங்கையில இருந்த வரைக்கும் முழுசா இருந்துச்சு.

அந்தம்மா மொகம் வெளுத்துப் போச்சு. என்னையப் பாக்குது, கையப் பாக்குது. நான் திட்டுவேன்னு நெனைச்சிருக்கும். பெறவு என்ன நெனைச்சுதோ, அந்தத் தலைய ரெண்டா உடைச்சு, ஒரு பாதிய தன் வாயில போட்டுச்சு. மறு பாதிய எங்கிட்ட நீட்டுச்சு.

"நல்லா இருக்கு அண்ணி. ஏலக்காய் போட்டிருக்கீங்களா?"

அலங்காரத்துக்குச் செய்யுத சீனியில யாராவது ஏலக்காய் போடுவாவளா? டீச்சருக்கு இது கூடத் தெரியலை. பயத்துல உளறுது. எனக்கு என்ன வந்துச்சோ, சிரிச்சுட்டேன். வாயில அந்தப் பாதியப் போட்டுக்கிட்டுச் சிரிக்கேன், அதுவும் சிரிக்கி, சிரிக்கையிலேயே எனக்குக் கண்ணுல தண்ணி வருது. தண்ணி எதுக்கு வந்துச்சுன்னு எனக்கே தெரியலை. அன்னம் போச்சேன்னுதான் இருக்கும். அந்தம்மா எம் முதுகுல கைய வச்சு, தேச்சுக்கிட்டே இருந்துச்சு.

அந்நேரம் பூவுக்கு மேல இருந்து ரொவீனா எட்டிப் பாக்கா. நெட்டு எல்லாம் பூவுல மாட்டிக்கிட்டு நிக்கி. "மம்மி, அத்தை, ரெண்டு பேரும் இங்கன என்ன செய்யுதிய?" அப்பிடின்னு அவளும் உள்ள வந்து, கல்யாணச் சேலையோட எங்களுக்கு நடுவுல வந்து உக்காந்துட்டா. எம் மடியில தலைய வச்சா. அந்தப் போட்டோக்காரப் பய வேற எடமே இல்லாத மாதிரி அதப் படம் எடுத்துட்டான். அதத்தான் ரொவீனா பெருசாப் போட்டு வீட்டுல மாட்டி வச்சிருக்கா. ஆயிரம் படம் இருக்க, அது. எனக்கு வாயில சீனி, ஒரு பக்கம் கன்னம் உப்பிப்போய் நிக்கி. அந்தம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி கோணல். நல்லாவே இல்ல. அவகிட்ட கழட்டச் சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கா.

அதுக்குப் பெறவும் அந்தம்மா விடலை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச உடனே போன் பண்ணிரும். "சாப்டாச்சா அண்ணி, கை எப்படி இருக்கு, மருந்து தடவினீங்களா?" வேவு பாக்கது, வேறென்ன. ஒருநாள் வீடியோல வந்து, பாகு காய்ச்சிருக்கேன், எப்படி இழுக்கதுன்னு சொல்லுங்கன்னுச்சு. நம்ம தொழில அப்பிடியே வாங்கிரலாம்னு ஒரு நெனைப்பு. நானும் சொல்லிக் குடுத்தேன், என்ன செய்ய. மூணு விரலச் சுட்டுக்கிடுச்சு. ஒரு பூ வந்துச்சு, முட்டைக்கோசு மாதிரி. அதப் போன் முன்னால பிடிச்சுக்கிட்டு ஒரே சந்தோஷம். நான் அடுத்த வாரம் போன் வரலைன்னா கஸ்பார்கிட்டக் கேப்பேன், நெட்வொர்க்கு சரியில்லையா, என்ன அந்தம்மாவக் காணும்னு. சண்டைக்காரவியள கண்ணுல வச்சுக்கிடணும்லா.

இப்பயும் பாருங்க. ஆஸ்பத்திரியில பிரசவ ரூம்புக்குள்ள வீட்டு ஆளு ஒருத்தரத்தான் விடுவாவளாம். போன வாரம் போன் போட்டு அந்தம்மாவே சொல்லுது. "அண்ணி, நீங்கதான் உள்ள போகணும். நான் எழுதிக் குடுத்துட்டேன். டேட்டுக்கு நாலு நாள் முன்னாடியே வந்துடுங்க." எம் மக பிரசவத்துக்கு நான் உள்ள போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுதது யாரு? அதுதான். டிக்கெட்டும் போட்டு அனுப்பிச்சு. கீழ் பெர்த்து வேற. என்ன ஒரு அதிகாரம்.

கேக்கிய நீங்க, நான் ஏதாவது செஞ்சு கொண்டு போறேனான்னு. இல்ல தங்கச்சி. சீனியில ஒரு தொட்டில் செய்யலாம்னு நெனைச்சேன். ரொவீனா போன்ல சொன்னா, "மம்மி, வெறுங்கைய வீசிக்கிட்டு வா"ன்னு. ரெண்டு வாட்டி சொன்னா. அதான் துணிப்பை மட்டும். வெறுங்கையோட போக எனக்கு என்னமோ போல இருக்கு. கைய எங்கன வைக்கன்னு தெரியலை.

இது எந்த ஊரு? செங்கல்பட்டா. ஏரி எவ்வளவு பெருசா கெடக்கு.

இருங்க, போன் அடிக்கி. அதுதான். நூறு ஆயுசு. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பியிருக்கேன்னு சொல்லும், பாருங்க.

ஆங், சொல்லுங்க. கேக்குது. ரயில்லதான், செங்கல்பட்டு வந்துருச்சு. என்னது? எப்ப? விடியக்காலமேவா? ஏன் எனக்கு அப்பவே சொல்லலை? நான் தூங்குவேன்னு. நான் எங்க தூங்கினேன். சரி, சரி. இப்ப எங்க இருக்கிய? ஆஸ்பத்திரியிலயா. வலி நல்லா வந்துருச்சா? டாக்டரு என்ன சொல்லுதாவ? சீக்கிரம் ஆயிருமா?

நீங்க எங்க நிக்கிய? வெளியயா? ஏன் வெளிய நிக்கிய? எம் பேரு எழுதிக் குடுத்திருக்குன்னா என்ன, அழிச்சு எழுதச் சொல்லுங்க. நான் எக்மோர் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அங்கன இருந்து பெரம்பூர் வரணும். அது வரைக்கும் பிள்ளை ஒத்தையிலயா கெடப்பா? இல்ல. இல்ல, எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் சொல்லுதேன்லா. நீ உள்ள போ மைனி. உள்ள போய் அவ பக்கத்துல நில்லு. அவ எதையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் கத்துவா, சின்னதுல இருந்து அப்பிடி. கையக் குடு. நெரிச்சாலும் எடுக்காத. நான் கேட்டேன்னு சொல்லு. மம்மி வந்துக்கிட்டே இருக்கா, செங்கல்பட்டு தாண்டிட்டான்னு சொல்லு. போ, போன வச்சுட்டுப் போ. அழாத மைனி, உள்ள போகையில மொகத்தத் தொடச்சுக்கிட்டுப் போ.

வச்சுட்டா.

ஒண்ணும் இல்ல தங்கச்சி, நான் நல்லாத்தான் இருக்கேன். தண்ணி வேண்டாம். அவளத்தான் நெனைக்கேன். ஹில்டாவுக்கு ரத்தம்னா ஆகாது. டென்சில் தம்பிக்குச் சின்னதுல ஊசி போட்டதுக்கே மயங்கி விழுந்தவளாம். அங்கன ரெண்டு பேரையும் யாரு பாப்பா?

அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடுங்க. கதவுகிட்டப் போய் நிக்கேன். தெரியும், எக்மோர் வர நேரம் இருக்கு. இல்லம்மா, உக்காந்தா எனக்கு ஓடாது. நின்னுக்கிட்டே வாரேன்.